மழலை வாயில் ஆங்கிலம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி



சென்ற ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, நம் நலப்பணிக் குழுவின் சார்பில் அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றிற்குச் சனிக்கிழமை பிற்பகல்களில் சென்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் பணி எனக்கும் தோழியர் மூவருக்கும் கிடைத்தது. என் பங்குக்குப் பதினான்கு குழந்தைகள். நானோ எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்தவள். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசும் வாங்கியவள். ஏ, பி, ஸி, டி சொல்லிக் கொடுப்பது ஒரு கடினமா என்ற நினைப்போடுதான் போனேன். அந்த நினைப்பு முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் உடைந்து போயிற்று. அது எப்படி உடைந்தது என்பதையும், அதன் பிறகு நான் தெரிந்துகொண்ட சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் நாளை ஆசிரியைகளாகப் போகிறவர்கள். இன்றே வீட்டில் தம்பி தங்கையரை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள்.

முதல் நாள் கரும்பலகையில் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிற்கும் ஒரு படம் வரைந்தேன். ‘ஸி’ என்ற எழுத்தின் பக்கத்தில் பூனை. “ஸி, கேட்” என்று நான் சொல்ல, அவர்களும் கூவினார்கள். அப்போது முன் வரிசையில், ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கிய சிறுமி ஒருத்தி எழுந்தாள். “டீச்சரக்கா, ஸின்னு சொல்லிட்டு ஏன் கேட்டுன்னு படிக்கிறீங்க? ஸேட்டுன்னுதானே வரணும்?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “அதிகப்பிரசங்கி மாதிரிப் பேசாதே. சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லு” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கு அடுத்ததும் வந்தாள். அச்சடித்தாற்போல் எழுத்துகளை எழுதினாள். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை. நான் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மற்றவர்கள், “அவ பேச மாட்டா அக்கா” என்று எனக்கே எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

என் பாட்டி தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், இப்படி ஒரு பெண் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று குறை சொன்னேன். நடந்ததை முழுவதும் கேட்ட பாட்டி, “அவ கேட்டதுல என்னடி தப்பு?” என்றார். பிறகு ஒரு தாளில் ‘க’ என்று எழுதி, “இதுக்குப் பேர் என்ன?” என்றார். “க.” “இதோட ஓசை என்ன?” “அதுவும் க.” “இப்போ உன் இங்கிலீஷ்ல சொல்லு.”

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஓசை. ‘ப’ என்ற எழுத்தையும் ‘ல்’ என்ற எழுத்தையும் தெரிந்துகொண்ட குழந்தை ‘பல்’ என்று தானே படித்துவிடும். ஆங்கிலத்திலோ பெயர் வேறு, ஓசை வேறு. ‘ஸி’ என்ற பெயரைக் கேட்டால், பூனையில் வரும் ‘க்’ எங்கே இருக்கிறது? ‘ஒய்’ என்ற பெயருக்குள் ‘ய’ ஓசை இல்லை. ‘டபிள்யூ’வின் நிலை இன்னும் மோசம், அத்தனை நீளமான பெயரில் அதன் சொந்த ஓசைக்கு இடமே இல்லை. ஆக, அந்தச் சிறுமி தப்பாகக் கேட்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் விதியை ஆங்கிலத்தின் மேல் சரியாகவே வைத்துப் பார்த்தாள். பொருந்தாமல் போனது விதிதான்.

இங்கிலாந்துப் பள்ளிகளிலேயே இக்காலத்தில் எழுத்தின் பெயருக்கு முன்பாக ஓசையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ரோஸ் குழுவின் அறிக்கைக்குப் பிறகு அம்முறை அங்கே வேரூன்றியது. அகர வரிசைப்படி போகாமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கும் பாடத்திட்டங்கள் பல உண்டு. இந்த ஆறையும் ஓசையாகத் தெரிந்துகொண்டால் ஊசி, தகரம், உட்கார்தல், தூங்குதல் என்று ஒரு கைப்பிடிச் சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடலாம். நானும் மறுவாரம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, இந்த ஆறு எழுத்துகளில் புதிதாகத் தொடங்கினேன். இருபத்தாறு எழுத்தையும் ஒரே நாளில் கொட்டியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த சிக்கல் ‘பி’யில் வந்தது. ஆங்கிலத்தில் ‘ஏ’வுக்கு அடுத்து ஒரு பி உண்டு, ‘ஓ’வுக்கு அடுத்து ஒரு பி உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டிற்கும் ஒரே எழுத்துதான். “பெரிய பன்றி” என்பதை ஆங்கிலத்தில் சொல்லித் தமிழில் எழுதிப் பாருங்கள். “பிக் பிக்” என்று ரயில் கிளம்புவது போல இருக்கும்! குழந்தைகள் இரண்டையும் ஒன்றாகவே சொன்னார்கள். நான் தொண்டை வறளக் கத்தியும் பயனில்லை.

இதற்கும் பாட்டிதான் வழி சொன்னார். “அந்த ரெண்டு ஓசையும் அதுங்க வாயிலேயே இருக்கு. ‘அப்பா’ சொல்லச் சொல்லு, ‘தம்பி’ சொல்லச் சொல்லு” என்றார். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நீங்களும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘அப்பா’வில் உதடு மூடியிருக்கும் நேரத்தில் தொண்டை சும்மா இருக்கும். ‘தம்பி’யில் அதிரும். ‘அப்பா’வில் வருவது ‘ஓ’வுக்கு அடுத்த பி, ‘தம்பி’யில் வருவது ‘ஏ’வுக்கு அடுத்த பி. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் அதிர்ந்து ஒலிக்கும். இரட்டித்து வரும் வல்லினம் அதிராது. அதனால் நமக்கு ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. வாய்க்கு இரண்டும் தெரியும், கண்ணுக்குத்தான் ஒன்று.

இதே போல் ‘அக்கா’வும் ‘தங்கை’யும், இதே போல் ‘பாட்டி’யும் ‘வண்டி’யும். ஒரு வீட்டு மனிதர்களையும் வாசலில் நிற்கும் வண்டியையும் வைத்தே ஆங்கிலத்தின் மூன்று இணை ஓசைகளைச் சொல்லிவிடலாம் என்றால் வியப்பாக இல்லையா? கரும்பலகையில் ஒரு பக்கம் அப்பா, அக்கா, பாட்டி. மறுபக்கம் தம்பி, தங்கை, வண்டி என்று படம் வரைந்தேன். நான் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வேன். அதன் முதல் ஓசை எந்தப் படத்தோடு சேரும் என்று பார்த்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். பேருந்து ‘தம்பி’ பக்கம். பென்சில் ‘அப்பா’ பக்கம். வகுப்பறையில் புழுதி கிளம்பிற்று. ரிப்பன் சிறுமியும் ஓடினாள். பேசவில்லைதான், ஆனால் ஒருமுறை கூடத் தப்பான பக்கம் போகவில்லை.

‘எஃப்’ ஓசை இப்படி வீட்டில் கிடைக்காது. அதற்குக் கீழுதட்டின் மேல் பல்லை வைத்து ஊத வேண்டும் என்று செய்து காட்டினேன். ஒரு பையன் மட்டும் கடைசி வரை மின்விசிறியைப் ‘பேன்’ என்றே சொன்னான். “தலைக்கு மேல பேன் ஓடுது அக்கா” என்று அவன் சொன்னதும், எல்லாரும் ஒரு கணம் தலையைச் சொறிந்து பார்த்துக்கொண்டார்கள்.

‘இஸ்கூலு’ என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்கிறோம் அல்லவா? நானும் சிரித்தவள்தான். நம் தமிழ் இலக்கண வகுப்பில் மொழி முதல் எழுத்துகளையும் மொழி இறுதி எழுத்துகளையும் படித்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. தமிழில் தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய் ஆறும் சொல்லுக்கு இறுதியில் வரா. அதனால்தான் நம் நாக்கு ‘ஸ்’ என்று தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் இகரத்தையும், ‘புக்’, ‘கேட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ஓர் உகரத்தையும் ஒட்டிக்கொள்கிறது. பாக்கு, பட்டு, உப்பு என்று உகரத்தில் முடித்தே பழகிய நாக்கு வேறு என்ன செய்யும்? நாம் தேர்வுக்காக உருப்போடுகிற விதியை இரண்டாம் வகுப்புப் பிள்ளை உருப்போடாமலே கடைப்பிடிக்கிறது!

இதற்குத் திட்டுவது மருந்தன்று. இகரத்தைப் போக்க நாங்கள் பாம்பு விளையாட்டு விளையாடினோம். “ஸ்ஸ்ஸ்ஸ்” என்று பாம்பு போல் சீறிக்கொண்டே வந்து, சட்டென்று “கூல்” என்று முடிக்க வேண்டும். சீறல் நீளமாக இருக்கும்போது இகரம் நுழைய இடமில்லை. பிறகு சீறலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். உகரத்தைப் போக்க, சொல்லை முடித்தவுடன் வாயைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன். சிலருக்கு இது பலித்தது. சிலருக்குக் கையை எடுத்ததும் உகரம் திரும்பி வந்துவிட்டது. அது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி வாக்கியம். “இது பூனை” என்பது தமிழில் இரண்டே சொல். ஆங்கிலத்தில் “திஸ் இஸ் எ கேட்” என்று நான்கு சொல் வேண்டும். நடுவிலுள்ள இரண்டிற்கும் தமிழில் நேர்ச்சொல் தேவைப்படுவதே இல்லை. எனவே குழந்தைகள் “திஸ் கேட்” என்று நிறுத்திக்கொள்வார்கள். பாட்டி இந்த வாக்கியத்தில் கை தேர்ந்தவர். 1959இல் தொடங்கி, அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி அளிக்கும் முயற்சி ஒன்று நடந்தது. சிலர் முதலில் பயிற்சி பெற்று, அவர்கள் மற்றவர்களுக்குப் பயிற்சி தர, அது உருண்டு பெருகும் என்பது திட்டம். அதனால் அதற்குச் ‘சென்னைப் பனிப்பந்து’ என்றே பெயர் வழங்கிற்று. பனியையே காணாத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! பாட்டி இளம் ஆசிரியையாக இருந்தபோது அந்தப் பயிற்சியில் கலந்துகொண்டவர். பொருளைக் கையில் எடு, வாக்கியத்தைச் சொல், வகுப்பைத் திருப்பிச் சொல்ல வை, ஒரு வாக்கிய அமைப்பு நன்றாகப் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போ என்பதுதான் அம்முறை.

“நல்ல முறைதான். நாங்களும் இங்கிலீஷை வாய் திறந்து பேச அப்பத்தான் கத்துக்கிட்டோம்” என்பார் பாட்டி. உடனே, “ஐம்பது பிள்ளைங்களும் சேர்ந்து சொன்னா தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒருத்தியைத் தனியா நிறுத்தி உன் பேர் என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டா, திஸ் இஸ் எ புக்குன்னு சொல்லுவா” என்று தாமே சிரிப்பார்.

என்ன காரணம்? புத்தகம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. அதைப் புத்தகம் என்று சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்தால்தான் சொல் வரும் என்பதை, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு அவர்கள் நடத்திய ‘பெங்களூர்த் திட்டம்’ எடுத்துக்கொண்டது. இலக்கண அமைப்புகளை வரிசையாகப் பயிற்றாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். பிள்ளையின் கவனம் விடையின் மேல் இருக்கும். மொழி அதன் போக்கில் படியும். சென்னையிலும் கடலூரிலும் கூட இதற்கான வகுப்புகள் நடந்தன.

இரண்டாம் வகுப்புக்கு ரயில் அட்டவணை அதிகம். நான் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போனேன். அதனுள் கரண்டி, சாவி, பொத்தான், எலுமிச்சம்பழம் என்று ஏதாவது ஒன்றைப் போட்டு வாயைக் கட்டிவிடுவேன். வெளியிலிருந்து தடவிப் பார்த்து “இஸ் இட் எ...?” என்று கேட்க வேண்டும். நான் “எஸ்” அல்லது “நோ” என்பேன். இங்கே கேள்வி நிஜமான கேள்வி. உள்ளே இருப்பது கேட்கிறவருக்குத் தெரியாது. பாட்டியின் வாக்கியத்தையே தலைகீழாக்கிப் பைக்குள் போட்டேன், அவ்வளவுதான். அதற்கே பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

சொல்வரிசைக்கு அட்டைகள் செய்தோம். “நான் மாம்பழம் தின்றேன்” என்று மூன்று குழந்தைகள் ஆளுக்கொரு தமிழ் அட்டையோடு வரிசையில் நிற்பார்கள். நான் “இங்கிலீஷ்!” என்றதும், கடைசியில் நிற்கும் ‘தின்றேன்’ நடந்து வந்து நடுவில் நிற்க வேண்டும், மூவரும் அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஆங்கிலச் சொல் இருக்கும். வினைச்சொல் தன் காலால் நடந்து இடம் மாறுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு எழுவாய், பயனிலை என்று ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வகுப்பில் படஅட்டைகளும் பாட்டுகளும் ஏற்கெனவே பழகியவைதாம்; 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அவர்களுடைய ஆசிரியை அவற்றைக் கையாண்டு வந்தார். அவரிடம் கேட்டுத்தான் அட்டை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையே நான் தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். 1878இல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் தொடங்கிய மொழிப் பள்ளிகளில் அதுவே முறை. தாமே விரும்பிப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஏழு வயதுக் குழந்தைக்குத் தமிழைப் பறித்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? நான் ஒரு நாள் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தேடிக்கொண்டு வரச் சொன்னேன். பஸ், டிக்கெட், பக்கெட், பல்பு, சைக்கிள், ரப்பர், சுவிட்ச் என்று ஒரு பக்கம் நிறைந்தது. ‘ஜன்னல்’, ‘மேசை’, ‘சாவி’, ‘பேனா’ ஆகியவற்றையும் கொண்டு வந்தார்கள். அவை போர்ச்சுக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தவை என்றதும், “அப்போ எங்களுக்கு மூணு பாஷை தெரியுமா அக்கா?” என்று ஒருவன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

ரிப்பன் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஒரு முறையைப் பரப்பினார். ஆசிரியர் கட்டளை சொல்வார்; மாணவர் செய்து காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. தாய்மொழியையும் குழந்தை முதலில் கேட்டு, புரிந்துகொண்டு, வெகுநாள் கழித்துத்தானே பேசுகிறது? இதைப் படித்த பிறகு நான் அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்துவதை நிறுத்தினேன். “கதவைத் தொடு”, “இரண்டு முறை குதி”, “சாக்பீஸை ஜன்னலில் வை” என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அவள் பிறருக்கு முன்பாகவே செய்துவிடுவாள். நான் கற்பித்த அத்தனையும் அவளுக்குள் போயிருந்தது. வெளியே வரும் வழியை அடைத்தவள் நான்தான்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. பை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் தப்பாகக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவள் எழுந்து வந்து பையைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினாள். “இஸ் இட் எ ஸ்பூன்?” என்றாள். முன்னால் இகரமில்லை, நடுவில் ஒரு சொல்லும் விடுபடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “எஸ்” என்று மட்டும் சொல்லிப் பையைத் திறந்து கரண்டியை அவள் கையில் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே அழைத்து, “முதல் நாள் நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியல, அதான் திட்டிட்டேன்” என்றேன். அவள் ரிப்பனை முறுக்கிக்கொண்டே, “தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்ல அக்கா?” என்றாள்.

அதன் பிறகு அவள் கேள்விகளுக்கு அளவில்லை. கத்திக்கு உரிய ஆங்கிலச் சொல்லில் ‘கே’ எதற்கு, அதைத்தான் யாரும் சொல்வதில்லையே என்றாள். தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். தேடிப் பார்த்ததில், பழங்கால ஆங்கிலேயர் அந்தக் ‘கே’யை உச்சரித்தே வந்தனர் என்று தெரிந்தது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்ததற்குப் பிறகு, சொற்களின் எழுத்து வடிவம் மெல்ல மெல்ல நிலைபெற்றுவிட்டது. வாய் ஓசை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இதை அவளிடம் சொன்னேன். “அப்போ அது பழைய எழுத்தா? பாவம், இருக்கட்டும்” என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டாள்.

இவ்வாண்டு பொதுத்தேர்வு இருப்பதால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மட்டுமே போக முடிகிறது. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. எழுதுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்னால் அந்த நீளப் பெயர்க்கார ‘டபிள்யூ’ எதற்காக நிற்கிறது என்று சென்ற முறை கேட்டிருக்கிறாள். நூலக சிஸ்டரிடம் பெரிய அகராதியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.